பாலைவனத்துக்கு நாம போறோம்

அவன் சொன்னதில் இலக்கணப்படி ஒரு பிழையும் கிடையாது. சாப்பாட்டு மேசையில் மனைவிக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு வாரமாக வாய்க்குள்ளேயே அடக்கி வைத்திருந்த சேதியை மெதுவாக அவிழ்த்தான்.

"அடுத்த மாசம் நாம பாலைவனத்துக்குப் போறோம். வெளிநாடு. நாலு நாள். கடையில லீவு கூட சொல்லிட்டேன்."

மனைவியைப் பார்த்துத்தான் சொன்னான். மனைவிக்காகத்தான் சொன்னான். கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகியும் இரண்டு பேரும் தனியாகச் சேர்ந்து போன அதிகபட்ச தூரம் பல் ஆஸ்பத்திரி. அதுவும் மனைவி அங்கே வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பதால் போனது. வெளிநாடு என்பது மற்றவர்கள் போனில் தள்ளித் தள்ளிக் காட்டும் படமாகவே அவர்களுக்கு இருந்துவந்தது.

நம் பேச்சில் ஒரு வசதி உண்டு. 'நாங்க' என்றால் கேட்கிறவருக்கு அதில் இடமில்லை. 'நாம' என்றால் கேட்கிறவரும் உள்ளே. பேச்சு வந்த குழந்தை கூட இதில் தடுமாறாது. அவனும் தடுமாறவில்லை. கேட்டது மனைவி, அதனால் 'நாம'. சரிதானே? அவன் மறந்தது ஒன்றே ஒன்றைத்தான். அவன் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் ஜாடியும் கையுமாக அக்காவும் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அக்கா ஜாடியை மேசையில் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"அங்கெல்லாம் செருப்பு போட்டு நடக்க முடியுமாடா, இல்ல ஷூ வாங்கணுமா?"

அப்போதே சொல்லியிருக்கலாம். "இல்லக்கா, நாங்க ரெண்டு பேரும் மட்டும்தான்." அவ்வளவுதான் விஷயம். அக்கா ஒரு சிரிப்புச் சிரித்து, "ஆமாமா, உங்க நடுவுல நான் எதுக்கு" என்று தலையில் அடித்துக்கொண்டு போயிருப்பாள். அவன் மனைவியைப் பார்த்தான். மனைவி தன் தட்டைப் பார்த்தாள். அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஷூதான்க்கா நல்லது," என்றான்.

அக்காவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவள் இவனைவிட ஒன்பது வயது மூத்தவள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவில் பதினெட்டு வருஷமாக வேலை. படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டு அடுக்குவது. தங்கியிருந்த பெண்கள் விடுதியை இடிக்கப் போகிறார்கள் என்று, "ரெண்டு மாசம் இருந்துட்டு வேற இடம் பாத்துக்கறேன்" என்றுதான் இவன் வீட்டுக்கு வந்தாள். அது ஆறு வருஷத்துக்கு முந்தைய கதை. தியாகச் செம்மல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கதவைத் தட்டாமல் உள்ளே வருவாள். டிவி சத்தத்தைத் தெருமுனை வரைக்கும் வைப்பாள். புருஷனும் பெண்டாட்டியும் லேசாகக் குரலை உயர்த்தினால் போதும், "என்ன, என்ன?" என்று வந்து நடுவில் நின்றுகொள்வாள். ஆனால் சம்பளத்தில் பாதியை வீட்டுக்குக் கொடுத்துவிடுவாள், எதற்கும் முகம் சுளிக்க மாட்டாள். அவளுக்கு எல்லாமே 'நம்ம'தான். நம்ம மோட்டார், நம்ம பால்காரர், நம்ம பக்கத்து வீட்டு நாய்.

சாப்பாடு முடிந்து அறைக் கதவைச் சாத்தியதும் மனைவி கேட்டாள்.

"டிக்கெட் எத்தனை?"

"ரெண்டு."

"அப்போ அண்ணிகிட்ட ஏன் ஷூ வாங்கச் சொன்னீங்க?"

"நான் எங்க வாங்கச் சொன்னேன்? ஷூ நல்லதுன்னுதான் சொன்னேன்."

மனைவி அவனை ஒரு பார்வை பார்த்தாள். "ஆறு வருஷமா சண்டை போடறதுக்குக் கூட நாம தனியா இருந்ததில்லங்க. அதுக்காகத்தான் எனக்கே ஆசையா இருந்துச்சு. ஆனா இத நான் சொல்ல மாட்டேன். சொன்னா, வந்தவ பிரிச்சுட்டான்னு ஆகும். உங்க அக்கா. நீங்களே சொல்லுங்க. நாளைக்கே சொல்லுங்க."

"நாளைக்குச் சொல்லிடறேன்."

நாளைக்கு என்ற அந்த நாள் வரவேயில்லை. மறுநாள் அக்கா பீரோவின் அடியிலிருந்து தன் பாஸ்போர்ட்டைத் தோண்டி எடுத்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் எப்போதோ வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கப்போவதாகக் கிளம்பிய வதந்தியை நம்பி எடுத்தது. உள்ளே ஒரு முத்திரை கூட விழாத சுத்தமான பாஸ்போர்ட். கூடவே நாலு போட்டோ, வெள்ளைப் பின்னணியில், எச்சில் தொட்டு வாரிய தலையோடு. விசா படிவத்தில் கையெழுத்துப் போடும் இடத்தைக் கேட்டுக் கையெழுத்தும் போட்டாள்.

"மத்ததெல்லாம் நீ நிரப்பிக் குடுத்துடு. எனக்கு இங்கிலீஷ் எழுத்து ஓடிப்போயிடும்."

அவன் வாங்கிக்கொண்டான். வாங்கிய கை கூசியது. ஆனாலும் வாங்கிக்கொண்டான். அவன் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன். அங்கே அவனுக்கென்று ஒரு மேசை, ஒரு இழுப்பறை. பாஸ்போர்ட்டையும் படிவத்தையும் போட்டோக்களையும் ஒரு பழுப்பு உறையில் போட்டு, லென்ஸ் துடைக்கும் துணிகளுக்கு அடியில் செருகி வைத்தான். சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பது திட்டம். அது திட்டமாகவே இருந்தது.

அப்புறம் நடந்ததெல்லாம் அவன் கண்ணெதிரிலேயே நடந்தது, தடுக்கவும் வாய் இருந்தது, தடுக்கவில்லை. அக்கா கான்வாஸ் ஷூ வாங்கினாள். வாழ்க்கையில் முதல் ஷூ. புது ஷூ காலைக் கடிக்கும், பழக்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் யாரோ சொல்லிவிட்டார்கள். தினமும் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் மொட்டைமாடியில் அரைமணி நேரம் நடந்தாள். இவன் கீழே பல் தேய்த்துக்கொண்டிருப்பான். தலைக்கு மேலே தப், தப், தப் என்று சத்தம் போகும், திரும்பும். மணலில் கால் புதையும் என்பதால் முழங்காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்து பழகுகிறாளாம். அவளே சொல்லிச் சிரித்தாள்.

"சூட்டுக்கெல்லாம் நான் பயப்பட மாட்டேன்டா. எங்க இஸ்திரி ரூம்ல இல்லாத சூடா? ஒட்டகம்தான் கொஞ்சம் யோசனையா இருக்கு. எலும்பு டாக்டர்கிட்ட கேட்டேன். ஏறலாம், குதிக்கத்தான் கூடாதுன்னார்."

பயண ஏற்பாட்டுக்காரர் கொடுத்த தாளையும் அவள் விடவில்லை. முதல் நாள் மணல் மேடு, ஜீப். இரண்டாம் நாள் கூடாரம். பாலைவனத்தில் ராத்திரி குளிரும், கம்பளி ஆடை தேவை என்று அதில் போட்டிருந்தது. அதைப் படித்துவிட்டு மூன்று பேருக்கும் துணிப்பை தைத்தாள். தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு அறை, போனுக்கு ஒரு அறை, மணல் புகாமல் இருக்க ஜிப்பு. மூன்று பைகளையும் சோபாவில் வரிசையாக வைத்திருந்தாள். மனைவி அவற்றைப் பார்த்துவிட்டு நேரே குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

வெளியே வந்ததும் சொன்னாள். "இன்னொரு டிக்கெட் போட்டுடுங்க. தனியா இல்லாட்டி போகுது. இத என்னால பாக்க முடியல."

அவனுக்கும் அப்படியே தோன்றியது. பயண ஏற்பாட்டுக்காரரிடம் போனான். இடம் இருந்தது. ஆனால் பாஸ்போர்ட்டை இன்னும் ஒரு வாரத்துக்கு முன்னாலேயே கொடுத்திருக்க வேண்டும், விசா வருவதற்கு நாள் போதாது என்று அவர் கையை விரித்துவிட்டார். பாஸ்போர்ட் இழுப்பறைக்குள்ளேயே இருந்த நாட்களை அவன் எண்ணிப் பார்த்தான். பன்னிரண்டு. தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அதையும் செய்யவில்லை.

அன்று சாயங்காலம் கடைக்கு அக்காவே வந்து நின்றாள்.

"பவரோட கறுப்புக் கண்ணாடி போட முடியும்ல? வெயில்ல கண்ணு கூசுமாம். எனக்கு ஒண்ணு போட்டுக் குடு."

அவளை இயந்திரத்தின் முன்னால் உட்கார வைத்தான். தாடையை மேடையில் பதித்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டச் சொன்னான். அந்தப் பக்கம் அவளுக்கு ஒரு படம் தெரியும்: நீளமான சாலை, அதன் கடைசியில் ஒரு பலூன். இந்தப் பக்கத் திரையில் அவள் கண் மட்டும், அவன் உள்ளங்கை அகலத்துக்குத் தெரிந்தது. தினமும் நாற்பது பேருடைய கண்ணைப் பார்க்கிறவன். இந்தக் கண்ணை அவனால் நேராகப் பார்க்க முடியவில்லை.

"ஆடாம இரு அக்கா."

"நான் எங்க ஆடறேன்? படந்தான் மங்குது. ஏன்டா, அங்க பலூனும் இருக்குமா?"

"இருக்கும்க்கா."

சொன்னதும் காது மடல் சுட்டது. ஆடினது அவன் கைதான். மூன்று தடவை அளவெடுத்தான். மூன்று தடவையும் வேறு வேறு எண் வந்தது. இழுப்பறை அவன் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. திறந்து, உறையை எடுத்து, காலில் விழுந்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தான். அடுத்த வாடிக்கையாளர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். அவருக்கு அவன் சொன்ன 'வாங்க, வாங்க' மாதிரி உற்சாகமான வரவேற்பை அந்தக் கடை கேட்டதே இல்லை.

கிளம்ப எட்டு நாள் இருக்கும்போது பொய்யைச் சொன்னான். அதற்கும் தைரியம் வரவில்லை, அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தபோது முதுகைப் பார்த்துத்தான் சொன்னான்.

"உன் விசா வரலக்கா. ஏதோ பேப்பர் பத்தலையாம். திருப்பி அனுப்பிட்டாங்க."

அக்கா கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள். இன்னொன்றை எடுத்தாள். அப்புறம் திரும்பினாள்.

"அதுக்கு நீ ஏன்டா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கற? நீ என்ன பண்ணுவ, பாவம். அலைஞ்சதுதான் மிச்சம்."

பாவமாம். அலைந்தானாம். அவள் அவனைத் தேற்றினாள், அவன் தேற்றிக்கொண்டான். மனைவியிடம், "சொல்லிட்டேன்" என்றான். என்ன சொன்னான் என்று அவள் கேட்டாள். கேட்டு முடித்ததும் தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்தில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம் அவன் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பினான். பில் போடும் பெண் நல்ல பெண். கூப்பிட்டுச் சொன்னாள்.

"உங்க அக்கா வந்தாங்க சார். கறுப்புக் கண்ணாடி ரெடியான்னு கேட்டாங்க. உங்க டிராயர்ல இருந்துச்சு, எடுத்துக் குடுத்துட்டேன். பாஸ்போர்ட் கவரும் அங்கயே கெடந்துச்சு, அவங்க போட்டோ ஒண்ணு வெளிய எட்டிப் பாத்துது. அதையும் குடுத்தனுப்பிட்டேன்."

உறைக்குள் இருந்தது என்ன? அவள் கையெழுத்தைத் தவிர வேறு எதுவும் எழுதாத படிவம். ஒன்று கூடக் குறையாத நாலு போட்டோ. படிக்கத் தெரியாதவர்களும் படித்துவிடக்கூடிய உறை அது. அன்று சாயங்காலம் வரை அவன் யாருக்கு என்ன கண்ணாடி எழுதிக்கொடுத்தான் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

வீட்டில் பூகம்பம் எதுவும் இல்லை. அக்கா வழக்கம்போல் தட்டு எடுத்து வைத்தாள். வழக்கம்போல் பேசினாள். ஆனால் பேச்சில் ஏதோ இடறியது, என்னவென்று பிடிபட அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. "உங்க மோட்டார் சத்தம் போடுது, பாத்துக்கோ." "உங்க பால்காரர்கிட்ட நாலு நாளைக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன்." சோற்றை மென்றுகொண்டே அவன் தலையைக் குனிந்தான். நிமிரவேயில்லை.

மூன்று நாள் அப்படியே போயிற்று. மாடியில் நடைச் சத்தம் நின்றுபோனது. நாலாம் நாள் காலையில் தாங்க முடியாமல் அக்கா அறை வாசலில் போய் நின்றான். ஆறு வருஷத்தில் முதல்முறையாகக் கதவைத் தட்டினான்.

"அக்கா, நான்…"

"தெரியும்டா. போட்டோ நாலும் அப்படியே இருந்துச்சு."

"டிக்கெட்ட ரத்து பண்ணிடறேன். நாங்க போகல."

"ரத்து பண்ணா என்ன ஆகும்? அக்கா வந்து கெடுத்துட்டான்னு ஆகும். அவளுக்கு எத்தனை நாள் ஆசை அது." கட்டிலில் உட்கார்ந்து ஷூவின் நாடாவை ஒவ்வொரு துளையாக உருவிக்கொண்டிருந்தாள். "அன்னிக்கே சொல்லியிருந்தா எனக்கு ஒரு நாள் வருத்தம். அத்தோட போயிருக்கும். இப்போ, மாடியில கால தூக்கித் தூக்கி வச்சு நடந்தேன் பாரு, அத நெனச்சாத்தான்… நீங்க ரெண்டு பேரும் கீழ இருந்து கேட்டுக்கிட்டே இருந்திருக்கீங்க. வெக்கமா இருக்குடா."

வெட்கப்பட வேண்டியவன் குத்துக்கல்லாக நின்றான். அவள் காதுவரை சிவந்துபோய் நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மன்னிப்புக் கேட்டான். கேட்டது அவனுக்கே கேட்கவில்லை.

"ஒரு உதவி பண்ணு," என்றாள். "வேலை செய்யற இடத்துல எல்லாருக்கும் சொல்லிட்டேன். பதினெட்டு வருஷத்துல மொதல் தடவையா சேர்ந்தாப்ல லீவு எடுத்திருக்கேன், மேற்பார்வை அம்மா கை குலுக்கிக் கையெழுத்துப் போட்டாங்க. எல்லாரும் சேர்ந்து ஒரு தொப்பி வாங்கிக் குடுத்திருக்காங்க. இப்போ போய், என் தம்பி என்னைக் கூட்டிட்டுப் போகலன்னு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு சொல்றது?"

"நான் வேணா வந்து…"

"நீ ஒண்ணும் வர வேண்டாம். எதிர்வீட்டு ரேடியோ இருக்கால்ல, அவளும் எங்க பிரிவுதான். அவ கண்ணுல நான் பட்டா மறுநாள் ஆஸ்பத்திரி முழுக்க ஒலிபரப்பாயிடும். அதனால நாலு நாளும் நான் வெளிய வரல. முன்பக்க ரூம்ல லைட் போட மாட்டேன். மோட்டார் போட மாட்டேன், பாத்திரத்துல தண்ணி பிடிச்சு வச்சிருக்கேன். டிவியும் கிடையாது." உருவிய நாடாவை விரலில் சுற்றினாள். "கிளம்பும்போது நீ வாசக்கதவ வெளிப்பக்கமா பூட்டிட்டுப் போ. பெரிய பூட்டாப் போடு. பின்கதவு தாழ்ப்பாள் உள்பக்கம்தான், ஒண்ணும் பயமில்ல."

"அக்கா, அது மட்டும் என்னால முடியாது."

"இவ்வளவும் முடிஞ்சுதேடா," என்றாள். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவனுக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். "வந்ததும் என்னென்ன பாத்தீங்கன்னு வரிசையா சொல்லு. நான் அங்க போய்ச் சொல்லணும். போட்டோவுல ஏன் நான் இல்லன்னு கேட்டா, எடுத்தது நான்தான்னு சொல்லிக்கறேன்."

சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் டாக்சி வந்து நின்றது. மனைவி அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லப் பார்த்தாள். வாய் கோணி அழுகை வந்ததுதான் மிச்சம். "நேரமாகுது, போம்மா," என்று அக்கா அவளை முதுகில் கை வைத்து அனுப்பினாள். பிறகு தானே கதவைச் சாத்தினாள்.

அவன் பூட்டை மாட்டினான். பித்தளைப் பூட்டு, சாவியைத் திருப்பும்போது கை வழுக்கியது. பூட்டினால் இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பது அவனுடைய வெகுநாள் பழக்கம். கை தன்பாட்டுக்கு இழுத்தது. கதவு லேசாக அதிர்ந்தது. கதவுக்கு அந்தப் பக்கம், ஒரு சாண் தூரத்தில் இருந்து மெல்லிய குரல் வந்தது.

"பூட்டு நல்லாத்தான் விழுந்திருக்கு. போ."

அவன் திரும்பினான். டாக்சிக்காரர் கலகலப்பான மனிதர். பெட்டிகளை ஏற்றி முடித்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு நின்றார். எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது. ரேடியோ சீருடையோடு வாசலில் நின்று இவர்களுக்குக் கையை ஆட்டினாள்.

"அக்கா எங்க, உள்ள ஏறிட்டாங்களா?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"ஏறிட்டாங்க," என்றான் அவன். டாக்சிக்குக் கறுப்புக் கண்ணாடி ஜன்னல், உள்ளே யார் என்று யாருக்கும் தெரியாது.

டாக்சிக்காரர் அதைக் காதில் வாங்கவில்லை. வீட்டை அண்ணாந்து பார்த்தார். "நாலு நாள் பூட்டியே கெடக்குமா சார்? வீட்டுல பாத்துக்க யாரும் இல்லையா?"

ரேடியோ இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். கதவு பின்னால், மிக அருகில் இருந்தது. மெதுவாகச் சொல்ல வழியில்லை. எல்லாருக்கும் கேட்கும்படி தெளிவாகவே சொன்னான்.

"யாரும் இல்லைங்க."